பத்தடி தூரம்

எங்கள் வீட்டுக் கூடத்துக் கதவுக்குப் பின்னால் ஒரு மூங்கில் தடி சாத்தி வைத்திருக்கிறது. கீழ் முனையில் பித்தளைப் பூண் போட்டது. என் பாட்டனாருடைய தடி. அந்தப் பாட்டனார் 1930-ஆம் ஆண்டில், ராஜாஜியின் தலைமையில் வேதாரணியத்துக்கு உப்பெடுக்கப் போன தொண்டர்களுக்கு வழியிலே சோறு போட்டவர். சோறு போடுகிறவர்களையும் தண்டிப்போம் என்று தஞ்சாவூர்க் கலெக்டர் உத்தரவு போட்டிருந்த காலம் அது. பாட்டனார் அதற்காக முதுகில் தடியடி பட்டார். பட்டபோது கையைத் தூக்கவில்லை. அதை அவர் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டால், "அன்றைக்குக் கையிலே தடி இல்லை, அதனால் தூக்கவில்லை" என்று சிரித்து மழுப்பிவிடுவாராம். தடி வாங்கியது பிற்காலத்தில், முழங்கால் வலிக்காக.

அப்பேர்ப்பட்ட தடியை நாங்கள் முருங்கைக்காய் பறிப்பதற்கும், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியை நெம்புவதற்கும் உபயோகித்து வந்தோம். ஒரு மனிதன் மீது அது பட்டது, எனக்குத் தெரிந்து, ஒரே ஒரு தடவைதான். பட வைத்தவன் நான்.

2022-ஆம் ஆண்டு ஐப்பசி மாதக் கடைசி. தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூர் ஏரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. மழை நாலு நாளாக விடவில்லை. ஏரிக்கரைத் தவளைகள் எல்லாம் எங்கள் தெருவுக்கே குடி வந்துவிட்டது போல் கத்திக்கொண்டிருந்தன. இரவு பதினொரு மணிக்கு மின்சாரம் போயிற்று. அறையில் புழுக்கம் தாங்காமல், பன்னிரண்டு வயதான என் பெண் கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். நானும் என் மனைவியும் உள்ளே படுத்தோம்.

இரண்டு மணி இருக்கும். சமையலறைப் பக்கம் தாழ்ப்பாள் பெயரும் சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்தேன். பூனைக்குத் தாழ்ப்பாள் பெயர்க்கத் தெரியாது என்பது அடுத்த கணந்தான் நினைவுக்கு வந்தது. எழுந்து கூடத்துக்கு வந்தேன். ஜன்னல் வழியாக வந்த மங்கலான வெளிச்சத்தில், என் பெண்ணின் தலைமாட்டில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

அந்தக் காட்சியை நேயர்கள் தயவு செய்து ஒரு நிமிஷம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவன் குனிந்திருந்தான். அவன் கையில் ஏதோ இருந்தது. அது கத்தியா, என் மனைவியின் கைப்பையா, கைப்பேசியா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் என் பெண்ணின் கழுத்துக்கும் நடுவே ஒரு முழம் கூட இல்லை. என் கை, நான் நினைப்பதற்கு முன்னாலேயே, கதவுக்குப் பின்னால் போயிற்று.

"யாரடா அது?" என்று கத்தினேன் என்று பிற்பாடு என் மனைவி சொன்னாள். எனக்கு நினைவில்லை. அவன் நிமிர்ந்தான், தடியைப் பார்த்தான், கையில் இருந்ததைப் போட்டுவிட்டுச் சமையலறை வழியாகக் கொல்லைப்புறம் ஓடினான். நான் துரத்தினேன். சமையலறைக் கதவுக்கும் கொல்லைச் சுவருக்கும் பத்தடி தூரம். அவன் சுவரின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி எம்பினான். ஒரு கால் சுவருக்கு மேலே போய்விட்டது. அவன் முதுகு என் பக்கமாக இருந்தது. நான் தடியை ஓங்கி அவனுடைய வலக்கையின் மேல் அடித்தேன்.

எலும்பு முறிகிற சத்தம் மழையிலும் கேட்கும். அதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அவன் எங்கள் பக்கமே விழுந்தான். அதற்குள் அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். அவசர போலீசுக்கும் யாரோ சொல்லியாயிற்று. லாந்தர் காலத்துக்குப் பதிலாகக் கைப்பேசிக் காலம் ஆகையால், ஏழெட்டுக் கைப்பேசிகளின் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். மீசை சரியாக அரும்பவில்லை. கூடத்தில் அவன் போட்டுவிட்டு ஓடியது என் பெண்ணின் தலைமாட்டில் இருந்த கைப்பேசி. வேறு ஆயுதம் எதுவும் அவனிடத்தில் இல்லை. தாழ்ப்பாளைப் பெயர்த்த ஒரு திருப்புளியைத் தவிர.

விடிவதற்குள் நான் எங்கள் தெருவின் கதாநாயகன் ஆகிவிட்டேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டுப் பெரியவர், "வாத்தியாரே, பிரம்பு பிடிக்கிற கை என்றல்லவா நினைத்திருந்தேன்!" என்று முதுகில் தட்டினார். 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த கடையத்துக்கு அருகே, வயதான தம்பதிகள் அரிவாளோடு வந்த முகமூடிக் கொள்ளைக்காரர்களை நாற்காலியாலும் செருப்பாலும் அடித்து விரட்டினார்களே, சுதந்திர தினத்தன்று முதலமைச்சர் கையால் அவர்கள் விருது வாங்கினார்களே, அந்தக் கதையையும் அவர் சொன்னார். "உமக்கும் ஒன்று கொடுக்கச் சொல்ல வேண்டும்" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்யாகும்.

போலீஸ் ஸ்டேஷனில் பிராது எழுதினார்கள். எழுதிய அதிகாரி மிகவும் நல்ல மனிதர். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஸார், பள்ளிக்கூடத்திலே வேலை பார்க்கிறீர்கள். சுவரிலே ஏறினவனை அடித்தேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், நாளைக்கு அவனுடைய வக்கீல் உங்கள் பேரிலும் ஒரு கேஸ் போடச் சொல்லுவான். எதற்கு வம்பு? மழை, சுவர் பாசி பிடித்திருந்தது, வழுக்கி விழுந்தான். அவ்வளவுதானே?" என்றார். வீட்டில் சுவர் பாசி பிடித்திருந்தது வாஸ்தவந்தான். நான் கையெழுத்துப் போட்டேன். ஆகவே, அரசாங்கப் பதிவின்படி என் பாட்டனாரின் தடி அன்றிரவு கதவுக்குப் பின்னாலேயே இருந்தது.

பையன் ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து ரிமாண்டுக்கும் போனான்.

விஷயம் இதோடு முடிந்திருக்கும். ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றாள். கல்யாண மண்டபங்களில் பாத்திரம் துலக்குகிறவள். அந்தப் பையனுடைய தாயார். பணம் கேட்கப் போகிறாள், அல்லது கேஸை வாபஸ் வாங்கச் சொல்லி அழப்போகிறாள் என்று நினைத்து நான் பதிலைத் தயாரித்துக்கொண்டேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

"கை சரியா கூடல ஸார். அது போவட்டும். அவன் செஞ்சது தப்பு. ஆனா, அவன் விழுந்தான்னு எழுதியிருக்கீங்களாம். அவன் விழல, அடிச்சாங்கன்றான். யாருகிட்ட சொன்னாலும், வாத்தியார் பொய் சொல்லுவாரா, நீதான் திருட்டுப் பய, பொய் சொல்றேன்றாங்க. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க ஸார். அவன் விழுந்தானா?"

என் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவளும் என் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லையம்மா. அடித்தேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "சரி ஸார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். காப்பி சாப்பிடச் சொன்னதற்கும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் சட்டப் புஸ்தகத்தைத் தேடிப் பிடித்தேன். சரித்திரம் போதிக்கிறவனுக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் புதிதல்ல. மெக்காலே பிரபு 1837-ல் நகல் தயாரித்தார், 1860-ல் நிறைவேறிற்று, 1862 ஜனவரி முதல் அமுலுக்கு வந்தது என்று வகுப்பில் ஒப்பித்திருக்கிறேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததில்லை. 96 முதல் 106 வரையில் உள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. 2024 ஜூலை 1-ஆம் தேதி முதல் அமுலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதையில் அவையே 34 முதல் 44 வரையில் இருக்கின்றன, சாரம் மாறவில்லை.

இந்தப் பிரிவுகளில் ஒரு வேடிக்கை உண்டு. இந்திய ஜனங்கள் அடி பட்டால் பட்டுக்கொண்டு நிற்கிறார்கள், இவர்களுடைய ஆண்மையைச் சட்டம் அடக்கக் கூடாது, தட்டி எழுப்ப வேண்டும் என்பது மெக்காலேயின் நோக்கம். அதனால் இந்த உரிமையை அவர் தாராளமாகவே எழுதினார். நம்மைப் பற்றி அவர் எழுதியவற்றில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். ஆனால் பிறகு லிட்டன் பிரபு வந்தார். 1878-ல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ வாளோ வைத்திருக்கக் கூடாது என்றார். வெள்ளைக்காரர்களுக்கு விதிவிலக்கு. ஆண்மையைத் தட்டி எழுப்பிவிட்டு, எழுந்தவன் கையிலிருந்து கம்பைப் பிடுங்கிக்கொண்டார்கள்! 1931-ல் கராச்சிக் காங்கிரஸின் பிரஜா உரிமைத் தீர்மானத்தில் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டதாக, இடம் பெற்றதற்கு இந்த ஆத்திரமே காரணம். பிறகு, 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காமத் அதைச் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தபோது டாக்டர் அம்பேத்கர் ஒப்பவில்லை, திருத்தம் தோற்றது. எதிர்வீட்டுப் பெரியவர் இன்றும் காமத் கட்சிதான். வீட்டுக்கு ஒரு துப்பாக்கி இருந்தால் திருடன் வருவானா என்பார். என் கையில் அன்றிரவு துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்து, நான் டாக்டர் அம்பேத்கர் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

நிற்க. சட்டம் என்ன சொல்லுகிறது? இரவில் வீடு புகுந்தவனையும், வழிப்பறிக் கொள்ளைக்காரனையும் எதிர்க்கும்போது, அவன் உயிர் போனாலும் குற்றமில்லை என்று சொல்லுகிறது. அத்தனை தூரம் உரிமை உண்டு. ஆனால் இரண்டு வேலிகள் போட்டிருக்கிறது. ஒன்று, காப்பாற்றிக்கொள்ள எவ்வளவு வேண்டுமோ அதற்கு மேல் ஒரு துளியும் தீங்கு செய்யக் கூடாது. இரண்டாவது, அந்த உரிமைக்கு ஓர் ஆரம்பமும் ஒரு முடிவும் உண்டு. இரவில் வீடு புகுந்தவன் விஷயத்தில், அவன் வீட்டுக்குள் இருக்கிற வரையில் அந்த உரிமை இருக்கிறது. பொருளை எடுத்துக்கொண்டு போகிறவனானால், அவன் தப்பிப் போய்ச் சேருகிற வரையில் துரத்திப் பிடுங்கலாம். பொருள் திரும்பக் கிடைத்துவிட்டால் அதோடு சரி.

கூடத்தில், என் பெண்ணின் தலைமாட்டில், அவனை நான் அடித்திருந்தால், மண்டையே பிளந்திருந்தாலும் சட்டம் என் பக்கம் நின்றிருக்கும். சமையலறை வாசற்படியை அவன் வெறுங்கையோடு தாண்டினான். அங்கே அது என்னை விட்டுவிட்டது. அதற்கப்புறம் இருந்த பத்தடி தூரத்தை நான் தனியாகவே கடந்தேன்.

என் பால்ய சிநேகிதர் ஒருவர் வக்கீல். அவரிடம் இதைச் சொன்னபோது, "நீ உபாத்தியாயன், கணக்குப் பார்த்துக்கொண்டே போகிறாய். கோர்ட் அப்படிப் பார்க்காது" என்றார். கட்னி வழக்கைப் பற்றி அவர்தான் சொன்னார். 1950 மார்ச் 5-ஆம் தேதி, மத்தியப் பிரதேசத்துக் கட்னி நகரத்தில் மதக் கலகம் மூண்டது. அங்கே ஒரு முஸ்லிம் கடைக்காரர். அவருடைய சகோதரர் இருந்த பக்கத்துப் பகுதியில் கும்பல் நுழைந்து சூறையாடிற்று. நடுச்சுவரில் இருந்த துவாரத்தின் வழியாகத் தாயார் ஓடிவந்து, "வீட்டுக்குள் வந்துவிட்டார்கள்" என்று சொன்னாள். பெண்டு பிள்ளைகள் உள்ளே. கும்பல் இவருடைய கடைக் கதவையும் தடிகளால் இடிக்கத் தொடங்கியது. அவர் துப்பாக்கியை எடுத்து இரண்டு முறை சுட்டார். ஒருவர் மாண்டார், மூவர் காயமடைந்தனர். கீழ்க் கோர்ட் அவரைக் குற்றவாளி என்றது, ஹைகோர்ட்டும் ஒப்பிற்று. 1952-ல் சுப்ரீம் கோர்ட் விடுதலை செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி விவியன் போஸ். கதவு உடைந்து கும்பல் உள்ளே வருகிற வரையில் ஒரு மனிதன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. உயிர்ப் பயத்தில் நிற்கிறவன் செய்ததைப் பொன் நிறுக்கும் தராசில் வைத்து நிறுக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து. அதற்குப் பிறகு எத்தனையோ வழக்குகளில் கோர்ட்டுகள் இந்தத் தராசை எடுத்துக் காட்டியிருக்கின்றன.

"கேட்டாயா? பொன் தராசு வேண்டாம் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது" என்றார் வக்கீல். "மேலும், கண் முன்னே குற்றம் செய்தவனைப் பிடித்துக் கொடுக்க எந்தப் பிரஜைக்கும் உரிமை உண்டு. பிடிப்பதற்காக அடித்தேன் என்று சொல்லிக்கொள்."

நான் யோசித்துப் பார்த்தேன். கட்னிக் கடைக்காரரின் கதவு வெளியிலிருந்து இடிக்கப்பட்டது. கடையத்துத் தம்பதிகள் எதிரில் அரிவாளைப் பார்த்தார்கள். நான் பார்த்ததோ ஒரு முதுகு. பிடிப்பதற்காக அடித்தேனா? அதுவும் இல்லை. அவன் அந்தப் பக்கம் குதித்துவிட்டால் போய்விடுவான், என் வீட்டுக்குள் வந்து என் பெண்ணின் தலைமாட்டில் நின்றவன் ஒன்றும் ஆகாமல் போய்விடுவான். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதற்குத் தற்காப்பு என்று பெயரில்லை. என்ன பெயர் என்று எங்கள் வகுப்புப் பையன்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

காந்தியடிகள் 1909-ல் எழுதிய 'ஹிந்த் ஸ்வராஜ்' என்னும் நூலில் வீட்டுக்கு வந்த திருடனைப் பற்றி ஒரு தர்க்கம் வருகிறது. அவனை அடிக்க ஆள் திரட்டினால் அவனும் ஆள் திரட்டுவான், ஊரே கலகமாகும். அதை விட ஜன்னலைத் திறந்து வை, பொருளை அவன் கைக்கு எட்டுகிறாற்போல் வை, அவனே ஒரு நாள் வெட்கப்படுவான் என்கிறார். எங்கள் ஜன்னலும் அன்றிரவு திறந்துதான் இருந்தது. ஆனால் அது காற்றுக்காக. இத்தனைக்கும் கோழைத்தனத்துக்கு அவரிடம் இடமில்லை. கோழையாக இருப்பதற்கும் பலாத்காரத்துக்கும் நடுவே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் பலாத்காரமே மேல் என்று 1920-ல் அவரே எழுதினார். 1908-ல் தென்னாப்பிரிக்காவில் தம்மை அடித்துப் போட்டவர்கள் மேல் வழக்கு வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான். கூடத்தில் நின்றபோது 1920-ஆம் ஆண்டுக் காந்தி எனக்குப் போதும். கொல்லைப்புறத்துக்கு அவர் வரவில்லை.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாட்களில், வேளச்சேரி எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

நம்முடைய பக்கத்துவாசிகள் யாரும் 2012-ஆம் ஆண்டு ஆரம்பத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஜனவரி 23-ஆம் தேதி பெருங்குடியில் பாங்க் ஆப் பரோடா கிளையில் பட்டப் பகலில் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்தார்கள். பிப்ரவரி 20-ஆம் தேதி கீழ்க்கட்டளையில் இந்தியன் ஓவர்சீஸ் பாங்க் கிளை. அந்தச் சமயம் நான் பல்லாவரத்துப் பக்கத்தில் ஒரு பள்ளியில் இருந்தேன். பாங்குக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் இரண்டு பேராகப் போனார்கள். சந்தேகப்பட்ட ஒருவரின் படத்தைப் போலீசார் வெளியிட்டார்கள். பிப்ரவரி 23-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டைப் போலீசார் சூழ்ந்துகொண்டார்கள். விடிந்தபோது, உள்ளே இருந்த வட மாநிலத்து இளைஞர்கள் ஐந்து பேரும் இறந்துபோனார்கள் என்ற செய்தி வந்தது. உள்ளேயிருந்து முதலில் சுட்டார்கள், அதிகாரிகள் இருவர் காயமடைந்தனர், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம் என்று போலீஸ் தரப்பில் கூறினார்கள்.

அன்று காலை எங்கள் உபாத்தியாயர் அறையில் யாரோ மைசூர்பாகு வாங்கி வந்து கொடுத்தார்கள். நானும் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டேன். "பேஷ்! இப்படித்தான் செய்யவேண்டும்" என்று சொன்னேன். சொன்னவன் நான் என்பதால் எழுதுகிறேன். மற்றவர்கள் சொன்னதை எழுத எனக்கு உரிமையில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு விசாரணைகளுக்கு உத்தரவாயிற்று. ஹைகோர்ட்டில் மனுப் போட்டார்கள். வாடகைக்குக் குடியிருப்பவர்களின் விவரத்தைப் போலீசில் கொடுக்க வேண்டுமென்று வீட்டுக்காரர்களுக்கு உத்தரவு போட்டார்கள். ஹிந்தி பேசுகிற கட்டடத் தொழிலாளிகளை எங்கள் பக்கத்தில் கொஞ்ச நாள் வரையில் எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அந்த வீட்டுக்குள் அன்றிரவு என்ன நடந்தது என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் புகவில்லை. சொல்லக்கூடியவர்களில் ஐந்து பேர் இல்லை; அது ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. தற்காப்பு உரிமையைப் பற்றிய அத்தியாயத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அதில் போலீசாருக்கென்று தனிப் பிரிவு ஒன்றும் கிடையாது. உடுப்புப் போட்டவருக்கும், கைலி கட்டிக்கொண்டு மூங்கில் தடியோடு நிற்கிற உபாத்தியாயருக்கும் அந்த உரிமை ஒன்றேதான்; வேலிகளும் அவைதான். 2014 செப்டம்பரில் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் பதினாறு விதிகள் வகுத்தது. போலீசார் சுட்டு ஒருவர் இறந்தால் வழக்குப் பதிய வேண்டும்; சம்பந்தப்படாத வேறு அதிகாரிகள் புலன் விசாரிக்க வேண்டும்; மாஜிஸ்ட்ரேட் விசாரணை நடக்க வேண்டும். அவற்றில் ஒரு விதி, சம்பவம் நடந்த சூட்டோடு சூடாக வீரப் பதக்கமோ பதவி உயர்வோ கொடுக்கக் கூடாது என்கிறது. அதைப் படித்தபோது எனக்கு எதிர்வீட்டுப் பெரியவர் முதுகில் தட்டியதும், மைசூர்பாகும் நினைவுக்கு வந்தன.

2024-ல், பள்ளி திறந்து சில வாரங்களில், தாம்பரம் கோர்ட்டிலிருந்து எனக்குச் சம்மன் வந்தது. முதல் சாட்சி நான். சாட்சிக் கூண்டில் ஏறிய போது, வகுப்பில் முதல் நாள் பாடம் எடுத்தபோது நடுங்கியது போல் கால் நடுங்கிற்று. அரசாங்க வக்கீல் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். பிறகு பையனுக்காக இலவச சட்ட உதவியின் பேரில் நியமிக்கப்பட்டிருந்த இளம் பெண் வக்கீல் எழுந்தார். பிராதைக் கையில் வைத்துக்கொண்டு, "சுவரில் வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அது சரிதானா?" என்று கேட்டார்.

பையன் ஓரமாக நின்றான். வலக்கை முழங்கைக்குக் கீழே கொஞ்சம் வளைந்திருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தாயார் வெளியே தாழ்வாரத்தில் நின்றாள்.

"சரியல்ல. நான் தடியால் அடித்தேன்" என்றேன்.

மாஜிஸ்ட்ரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "எந்த இடத்தில்?"

"கொல்லைச் சுவரின் மேல். அவன் ஏறிக்கொண்டிருந்தான்."

"அவன் கையில் ஏதாவது இருந்ததா?"

"இல்லை."

"உங்களைத் தாக்க வந்தானா?"

"முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான்."

"அப்படியானால் இதில் ஏன் இப்படிக் கையெழுத்திட்டீர்கள்?"

பிராது எழுதிய அந்த நல்ல மனிதர் மீது பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை. கையெழுத்து என்னுடையது. "பயந்துகொண்டு, ஐயா" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் வக்கீல் சிநேகிதர் தலையில் அடித்துக்கொண்டார். தன் மீதே குற்றம் வருகிற கேள்வியைக் கேட்டால், சாட்சி முதலில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டுமாம். கோர்ட் வற்புறுத்தி, அதன் பேரில் பதில் சொன்னால், அந்தப் பதிலை அவன் மீதே திருப்ப முடியாதாம். சாட்சியச் சட்டத்தில் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. "நீ என்னடா என்றால், வாத்தியார் கேள்வி கேட்டதும் முதல் பெஞ்சுப் பையன் எழுந்து ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்துவிட்டாய்!" என்றார்.

பையன் இரவில் வீடு புகுந்ததும் திருட முயன்றதும் ருசுவாயின. அவன் ரிமாண்டில் இருந்த காலத்தையே தண்டனைக் காலமாகக் கொண்டு மாஜிஸ்ட்ரேட் தீர்ப்பளித்தார். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. தீர்ப்பு நாளன்று கோர்ட் வாசலில் அவனைப் பார்த்தேன். பந்தியில் பரிமாறுகிற வேலைக்குத்தான் மறுபடியும் போகிறானாம். சாம்பார் வாளியைத் தூக்க முடியவில்லை, அப்பளம் வைக்கிறேன் என்றான். நான் ஒன்றும் சொல்லத் தோன்றாமல் நின்றேன். அவன் தாயார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், முதல் நாள் எங்கள் வாசலில் ஆட்டினது போலவே.

பள்ளியில் இதைக் கேள்விப்பட்டவர்களில் பாதிப் பேர் என்னை அசடு என்றார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் இரண்டு மாதம் வரையில் பேசவில்லை. திருடனுக்காகச் சாட்சி சொன்னவன் என்று அவருக்கு என் மேல் வருத்தம். இப்போது பேசுகிறார். என் பெண் மட்டும், "அப்பா, அவன் திரும்பி நின்றிருந்தால் அடித்திருப்பாயா?" என்று ஒரு நாள் கேட்டாள். அவன் திரும்பி நின்றது கூடத்தில், அவள் தலைமாட்டில். அங்கே நான் அடிக்கவே இல்லை என்பது அவள் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

சாட்சிக் கூண்டில் இருந்தபோது மாஜிஸ்ட்ரேட் கடைசியாக ஒன்று கேட்டார்: "அந்தத் தடி எங்கே?" வீட்டில் இருக்கிறது என்று சொன்னேன். கொண்டுவரச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. இன்று வரையில் யாரும் அதைக் கேட்டு வரவும் இல்லை. பூண் ஒரு பக்கம் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறது. முருங்கைக்காய் பறிப்பதற்குத் தனியாக ஒரு துரட்டி வாங்கிவிட்டோம்.